தகரத்துக்கு மேலே ஒரு பந்தல்

வீடும் வளவும்



பேசாலைப் பக்கமிருந்து ஒரு சகோதரி இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். தையல் வேலை செய்து குடும்பத்தைப் பார்ப்பவர். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் வயதான தாயும். தகரக் கூரை. "பதினொரு மணிக்குப் பிறகு மெசினில் இருக்க ஏலாது. அம்மாவுக்குப் பிறசர் இருக்கு. கூரையில் மண் போட்டுப் புல்லும் செடியும் வளர்த்தால் வீடு குளிரும் என்று ஒரு கூட்டத்தில் படம் காட்டினார்கள். எங்கட வீட்டுக்கும் அது சரிவருமோ அக்கா?" என்று கேட்டிருந்தார்.

மண் போடுவது சரிவராது. ஏன் சரிவராது, அதற்குப் பதிலாக எது சரிவரும் என்பதைத்தான் இம்முறை எழுதுகிறேன். வெளியே வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மரநிழலாவது கிடைக்கும். சமைப்பதும், தைப்பதும், நோயாளியைப் பார்ப்பதும், பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் கூரைக்குக் கீழேதான் நடக்கின்றன. ஆகவே கூரையின் வெக்கை என்பது பெரும்பாலும் எங்களுடைய வெக்கை.

கூட்டங்களில் காட்டுகிற படங்கள் பெரும்பாலும் கொங்கிறீற் கட்டடங்களின் படங்கள். எங்கள் நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. தம்புள்ளைக்குக் கிட்ட, கண்டலமக் குளத்தைப் பார்த்தபடி, ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1994 இல் திறக்கப்பட்ட ஹோட்டல். தட்டையான கூரையில் செடிகள், முன்பக்கமெல்லாம் தொங்கும் கொடிகள். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் எங்கே, காடு எங்கே என்று பிரிக்க முடியாது. அந்தக் கூரை பாரம் தாங்கக் கட்டப்பட்டது. அதற்குச் சம்பளத்துக்குத் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். படத்தில் தோட்டக்காரர் தெரிவதில்லை.

பாரக் கணக்கை நாங்களே போட்டுப் பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் மேல் நாலு அங்குல உயரத்துக்கு மண் பரப்பி, அது மழையில் ஊறினால் ஏறக்குறைய 1,700 கிலோ வரும். 50 கிலோ அரிசி மூட்டை என்று பார்த்தால் 34 மூட்டை. விசேடமாகத் தயாரித்த இலேசான மண்கலவை பாவித்தாலும் பொதுவாக ஒரு சதுர மீற்றருக்கு 60 முதல் 150 கிலோ வரை போகும். எங்கள் வீடுகளின் பனஞ்சலாகையும் தகரமும் அவ்வளவு பாரத்துக்குப் போட்டவையல்ல. பிள்ளைகள் படுக்கிற அறைக்கு மேலே இந்தப் பரீட்சை வேண்டாம்.

பாரமில்லாமல் கூரையிலேயே பச்சை வளர்த்த ஏழை மனிதர் ஒருவரும் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனெய்ரோ நகரத்துப் பார்க் அராரா என்னும் குடிசைப் பகுதியில், லூயிஸ் காசியானோ என்பவர் தன் தாயோடு வசித்த வீட்டின் அஸ்பெஸ்டஸ் கூரையில், மண்ணுக்குப் பதிலாக ஈரம் பிடிக்கும் மெல்லிய செயற்கைத் துணியை விரித்து அதில் செடிகளை வளர்த்தார். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர் அளந்து பார்த்தபோது, பக்கத்து வீட்டுக் கூரை 50 பாகை வரை ஏறிய நாட்களில் இவருடைய கூரை 30 பாகைக்குக் கிட்ட நின்றது. பெரிய விடயம்தான். ஆனால் ரியோவில் ஆண்டு முழுவதும் அவ்வப்போது மழை பெய்யும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வந்து முடிந்துவிடும். மீதி மாதங்களில் கூரைக்குத் தண்ணீர் ஏற்றுவது யார்? ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எத்தனை வீடு தாண்டிப் போகிறோம் என்று எங்களுக்குத் தெரியும்.

இனி வெக்கை எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்ப்போம். மன்னார் ஏறக்குறைய 9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும், நடுப்பகலில் சூரியன் நேரே எங்கள் உச்சிக்கு மேலே நிற்கும். அதனால் எங்கள் வீட்டுக்குள் வருகிற வெப்பத்தின் பெரும்பங்கு கூரையால்தான் வருகிறது. வெயிலில் கிடக்கும் பழைய தகரம் 60 பாகைக்கு மேலேயும் சூடாகும். அந்தச் சூட்டை அப்படியே கீழே இருக்கிற எங்கள் தலையில் கொட்டும். கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். பின்னேர வெயிலை வாங்கி வைத்து, இரவு பத்து மணி வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். வடக்கும் தெற்கும் அவ்வளவு மோசமில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. தகரத்தில் வெயில் விழாமல் தடுப்பது. மேற்குச் சுவரில் வெயில் விழாமல் தடுப்பது. இலைக்கு ஒரு குணம் உண்டு. வெயிலை வாங்கினாலும் வேரால் இழுத்த தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்மையாக வைத்துக்கொள்ளும். அதனால் இலை நிழல் தகர நிழலைவிடச் சுகமானது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பந்தல் போட்ட வீடு வெளிக்காற்றைவிடக் குளிராது. கூரை எரிப்பது நிற்கும், அவ்வளவுதான். அந்த "அவ்வளவு" பகல் ஒரு மணிக்கு மெசினில் இருக்க முடியுமா, முடியாதா என்கிற வித்தியாசம்.

பந்தலைத் தகரத்தோடு ஒட்டிப் போடக் கூடாது. கொடியை நேரே தகரத்தில் ஏறவிட்டால் இளந்தளிர் கருகும். கருகாமல் தப்பியது தகரத்தில் கஞ்சல் சேர்க்கும். கஞ்சலில் ஈரம் நிற்கும். கடற்கரை உப்புக் காற்றோடு அந்த ஈரமும் சேர்ந்தால் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழ எத்தனை காலம்? எலியும் குடியேறும். தகரத்துக்கும் பந்தலுக்கும் இடையே ஒரு முழமாவது இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியால் காற்று ஓடுவதுதான் பாதிக் குளிர்மை.

பந்தல் கால்கள் வீட்டின் வளையோடோ தீராந்தியோடோ கட்டப்படாமல் தனியே நிலத்தில் நிற்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் காற்று. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், அது இந்தக் காற்றை நம்பித்தான். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சோளகம் விடாமல் அடிக்கும். கார்த்திகை, மார்கழியில் புயல் பயம். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைத் தலைமன்னாரில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். 2020 டிசெம்பரில் புரெவி இந்தப் பக்கத்தால்தான் கடந்து போனது. வீட்டோடு கட்டிய பந்தலைக் காற்றுத் தூக்கினால் கூரையையும் சேர்த்துத் தூக்கும். தனியே நிற்கும் பந்தல் விழுந்தால் பந்தல் மட்டும்தான் போகும். கட்டுவதற்குத் தும்புக் கயிறே நல்லது. புயல் அறிவித்தல் வந்தால் கத்தியால் அறுத்துக் கொடியைக் கீழே விட்டுவிடலாம். கம்பியை அவசரத்தில் அவிழ்க்க முடியாது.

என்ன கொடி விடுவது? பாகல், புடோல், சுரை, பீர்க்கு, அவரை எல்லாம் ஐப்பசியில் போட்டால் தை மாதம் வரை காய் தரும். மாசி, பங்குனியில் காய்ந்துவிடும். இங்கேதான் பலருடைய திட்டம் முறிகிறது. வெக்கை கூடுகிற மாதத்தில் பந்தலில் கொடி இல்லை! கறிக்குக் காய் கிடைத்தது, வீடு குளிரவில்லை. அதற்காகக் காய்க்கொடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடவே நிலைத்து நிற்கிற ஒன்று வேண்டும்.

என் அனுபவத்தில் கோவைக்காய்க் கொடிக்கு இணை இல்லை. கிழங்கு போன்ற தடித்த வேர் உள்ளே இருப்பதால் வரட்சியைத் தாங்கும். வெட்டிவிட்டால் மறுபடி தளிர்க்கும். இலையும் கறிக்கு ஆகும், காயும் ஆகும். ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் கொடியில் பூக்கும், காய்க்காது. ஆகவே காய் பிடித்திருக்கிற, காய் கசக்காத கொடியிலிருந்து பென்சில் தடிப்பில் தண்டு வெட்டி வாருங்கள். பந்தல் காலடியில் பிரண்டையும் வைக்கலாம். அதற்குத் தண்ணீர் கொடுக்க மறந்தாலும் கோபிக்காது. கொடித்தோடை அழகாகப் படரும், ஆனால் தண்ணீர் நிறையக் கேட்கும், பாரமும் கூட. நல்ல கிணறு உள்ளவர்களுக்கு மட்டும்.

கோவையும் பங்குனி, சித்திரையில் இலை குறைந்து நிற்கும். அப்போது அதே பந்தலின் மேல் பனையோலையைப் பரப்பிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். மாசியில் ஓலை ஏற்றுவது. முதல் மழைக்கு முன் இறக்குவது. மழை மாதத்தில் கொடி, கோடையில் ஓலை. ஒரே பந்தல் இரண்டுக்கும் போதும். ஓலை என்றாலே இடம்பெயர்ந்த காலத்துக் கொட்டில் ஞாபகம் வருகிறது, கல்வீடு கிடைத்த பிறகும் ஓலையா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்த மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எங்கள் பாட்டிமார் ஓலை வீட்டில் மத்தியானம் நித்திரை கொண்டார்கள். தகர வீட்டில் யாரால் முடிகிறது? குசினிப் புகைபோக்கிக்குக் கிட்ட மட்டும் ஓலை வேண்டாம். ஒரு பொறி போதும்.

பீலி வைத்துக் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்துக் குடிக்கிற வீடுகளில் இன்னொரு பிரச்சினை உண்டு. கொடியின் கஞ்சலும் பறவை எச்சமும் தண்ணீரோடு தாங்கிக்குள் போகும். அப்படியான வீட்டில் கூரையின் ஒரு பக்கத்தைத் தண்ணீருக்கென்று விட்டு, மற்றப் பக்கத்துக்கு, முடிந்தால் மேற்குப் பக்கத்துக்கு, பந்தல் போடுங்கள். முதல் மழைத் தண்ணீரை எப்படியும் வெளியே விட வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீட்டுக்காரருக்கு ஒரு சொல். அதில் துளையிடுவதும், சுரண்டுவதும், காய்ந்தபடி தும்புக்கட்டையால் தேய்ப்பதும், மேலே ஏறுவதும் வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்து நோயாக வரும். 2018 முதல் அதன் இறக்குமதியைத் தடுப்பதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசெம்பரில் எமது தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் அங்கிருந்துதான் வருகிறது. தடை தள்ளிப்போனது. ஒரு வண்டு எங்கள் கூரை வரைக்கும் வந்த கதை அது. சீற்றைத் தொடாமல் தனிக் கால்களில் நிற்கும் பந்தல் இந்த வீடுகளுக்குத்தான் இன்னும் பொருத்தம்.

பந்தல் போட இடமில்லாதவர்களுக்கு, தகரத்துக்கு வெள்ளைப் பூச்சு ஒரு வழி. இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2010 இல் வெப்ப அலையால் பலர் இறந்தார்கள். அதன்பின் 2013 இல் அந்த நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் திட்டம் ஒன்றை வகுத்தது. அங்கே மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு குடிசைப் பகுதிப் பெண்களோடு சேர்ந்து, வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சைக் கூரைகளுக்குப் பூசி வந்திருக்கிறது. தண்ணீர் வேண்டாம், கத்தி வேண்டாம். ஆனால் தூசி படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும். குடிதண்ணீர் பிடிக்கிற கூரைக்கு எந்தப் பூச்சையும் விசாரிக்காமல் பூச வேண்டாம்.

இனி சுவருக்கு வருவோம். "பச்சைச் சுவர்" என்று சொல்லிச் சோடாப் போத்தல்களை வெட்டி, மண் நிரப்பி, சுவரில் வரிசையாகத் தொங்கவிடுகிற பயிற்சி எங்கள் பக்கத்துக்கும் வந்தது. படம் பிடிக்க அழகாக இருக்கும். மன்னார் வெயிலில் போத்தலுக்குள் இருக்கும் ஒரு பிடி மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், வேர் அவிந்துவிடும், பிளாஸ்டிக் வெயிலில் மொரமொரத்து உடையும். முப்பது போத்தலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது ஒரு முழு வேலை. அதே தண்ணீரில் பாதியை நிலத்தில் நிற்கிற இரண்டு கொடிக்கு ஊற்றினால் அது முழுச் சுவரையும் மூடும். நிலத்துக்குள் இறங்கிய வேர் தானே ஈரம் தேடிக்கொள்ளும். ஆகவே எங்கள் பச்சைச் சுவர் நிலத்திலிருந்து எழும்பட்டும்.

மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, பூவரசு அல்லது சீமைக்கிளுவைக் கதியால்களை ஒரு முழத்துக்கு ஒன்றாக நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டிக் கொடியை விடலாம். இந்தக் கதியால்களே பந்தலுக்கும் மேற்குப் பக்கத்துக் கால்களாகிவிடும். காய்ந்த கம்பைக் கறையான் தின்னும், வேர் பிடித்த கம்பைத் தின்னாது. கொடி சுவரில் ஒட்டாமல் இருப்பது முக்கியம். எங்கள் புளொக் கற்கள் பலவற்றில் உப்பு மணல் கலந்திருக்கிறது. ஈரம் பட்டால் பொரிந்து உதிரும். சுவர் வெடிப்பில் ஆல், அரசு முளைத்தால் விரல் அளவிலேயே பிடுங்கிவிடுங்கள்.

கதியால் வேலி எங்களுக்குப் புதிதல்ல. புதிது என்னவென்றால், வேலி அடைப்பது ஆம்பிளையின் வேலை என்று இருந்த வீட்டில் இப்போது ஆம்பிளை இல்லை என்பதுதான். ஆள் பிடித்தால் ஒரு நாள் கூலி, சாப்பாடு, தேநீர். ஒரு சில வீடுகளில் அதோடு ஊர்க்கதையும் சேர்ந்து வரும். ஆகவே ஏணி வேண்டாத உயரத்தில் வேலியை வைத்திருங்கள் என்பதே என் ஆலோசனை. நிலத்தில் நின்று கை எட்டுகிற உயரத்தில் வெட்டி வந்தால் ஒரு பெண்ணால் முடியும். காயப்பட்டு ஒரு கை பலமில்லாதவருக்கும் சிறிய கத்தியோடு சமாளிக்க முடியும். ஒருமுறை வெட்டாமல் விட்டால் கிளை மணிக்கட்டை விடத் தடிக்கும், பிறகு கோடரிதான். அயல் வீட்டார் நாலு பேர் சேர்ந்து, ஒரு கிழமைக்கு ஒரு வீடு என்று மாறி மாறி வெட்டுகிற இடங்களை நானாட்டான் பக்கம் கண்டிருக்கிறேன். வெட்டிய குழையை ஆடு வைத்திருப்பவர் கொண்டுபோவார். அவர் ஆட்டெருவைத் திருப்பித் தருவார். சீமைக்கிளுவைக் குழையை ஆடு முதலில் மணத்துக்காக ஒதுக்கும். சில மணி நேரம் வாடவிட்டுப் போட்டால் பழகிவிடும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் நுணுக்கம். புரட்டாசிக் கடைசியில், மழைக்கும் காற்றுக்கும் முன், நன்றாக வெட்டிவிடுங்கள். பாரம் குறைந்த மரத்தைக் காற்று சாய்க்காது. வெட்டிய குழை மழைக்காலத் தோட்டத்துக்குப் பசளையாகும். தையில் இலேசாக ஒழுங்குபடுத்தலாம். மாசி முதல் ஆவணி வரை மேற்குப் பக்கத்தில் கத்தி வைக்காதீர்கள். நிழல் வேண்டிய காலத்தில் வேலியை மொட்டையடித்துவிட்டு வெக்கை என்று சொல்லிப் பயனில்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் வேலியைப் பற்றிப் பேச முடியாது. தனியே பிள்ளைகளோடு இருக்கிற பல சகோதரிகள் இரவில் யன்னலைப் பூட்டிவிட்டுத்தான் படுக்கிறார்கள். வெக்கைக்கு அதுவும் ஒரு காரணம். உயரமான, அடர்ந்த வேலி இருந்தால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது என்றால், உள்ளே ஏதும் நடந்தாலும் அயலுக்குத் தெரியாது. மறைந்து நிற்கவும் வசதி. மேற்குப் பக்கம் உயரமாக இருக்கட்டும். நம்பிக்கையான அயல் வீட்டுப் பக்கத்தில் நெஞ்சளவுக்கு மேல் வேண்டாம். கூப்பிட்டால் கேட்க வேண்டும், எட்டிப் பார்த்தால் முகம் தெரிய வேண்டும். ஒழுங்கைப் பக்கம் கீழே முள் அடர்த்தியாகவும், படலை உள்ளிருந்து பூட்டக்கூடியதாகவும் இருக்கட்டும். யன்னலுக்கு நேரே எதையும் அடர்த்தியாக வளர்க்காதீர்கள். பாம்புக்குப் பயந்து கொடியே வேண்டாம் என்பவர்களுக்கும் இதே பதில்தான்: நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இலை இல்லாமல் கழித்து, அடியில் கஞ்சல் குவியாமல் கூட்டி வைத்தால் பாம்பு ஒளிக்க இடமிருக்காது. கிளை கூரையிலோ யன்னலிலோ முட்டக் கூடாது.

காணி விடயமும் இதற்குள் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் போன முஸ்லிம் சகோதரிகள் இருபது வருடம் கழித்து வந்தபோதும், 2007, 2008 இல் மாந்தை மேற்கிலிருந்து ஓடியவர்கள் திரும்பியபோதும், பல வளவுகளில் வீடு இருந்த அடையாளமே இல்லை. கிணறும், வேலியில் நின்று பெருமரமாகிவிட்ட பூவரசும்தான் எல்லையைக் காட்டின. வேர் பிடித்த வேலிக்கு அந்தப் பெறுமதி உண்டு. அதே நேரத்தில், மரம் உறுதிப்பத்திரம் ஆகாது. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவர்கள் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அந்த வேலையைத் தனியே பார்க்க வேண்டும். வருடா வருடம் புதிதாக அடைக்கிற வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரக்குவது எங்கள் ஊர்களில் நடக்காததல்ல, பெண் தனியே இருக்கிற வளவென்றால் இன்னும் இலேசு. நாலு மூலையிலும் தடித்த பூவரசுக் கதியாலை, அயலவரையும் கூப்பிட்டு வைத்து, உங்கள் பக்கத்துக்குள் நடுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

நடுகைக்கு ஐப்பசி முதல் மழைதான் நேரம். பெருவிரலிலிருந்து மணிக்கட்டுத் தடிப்பு வரையான, முற்றிய கிளையை ஐந்து ஆறடி நீளத்துக்கு வெட்டி, மேல்முனையைச் சரிவாகச் சீவுங்கள், மழைத் தண்ணீர் வழிந்துவிடும். கட்டாகக் கட்டி நிழலில் நிமிர்த்திச் சாத்தி வைத்து ஓரிரு நாளில் நடலாம். அடி எது, நுனி எது என்று மாறாமல் பாருங்கள். அலவாங்கால் ஒன்றரை அடி குழி போட்டு நட்டு, சுற்றி மண்ணை மிதித்து இறுக்குங்கள். மாந்தை மேற்கு, முசலிப் பக்கங்களில் புதிதாகத் துப்புரவாக்கிய வளவில் கிண்டும்போது தெரியாத பொருள் ஏதும் தட்டுப்பட்டால் கை வைக்காமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். கடலுக்குக் கிட்ட, உப்புக் காற்று படுகிற இடத்தில் பூவரசே நிற்கும். சீமைக்கருவேலை மட்டும் நட வேண்டாம். அது வேலியோடு நிற்காது, வளவையே பிடித்துவிடும். முதல் வருடம் ஆடு ஒருபக்கம், எங்கள் ஊருக்கே பேர்போன கழுதைகள் ஒருபக்கம் என்று இரண்டும் கடிக்க வரும். உடைமுள்ளை வெட்டி வெளிப்பக்கமாகச் சாத்தி வையுங்கள்.

முதல் கோடைதான் சோதனை. பழைய மண்குடம் ஒன்றைக் கழுத்துவரை வேருக்குப் பக்கத்தில் புதைத்து, கிழமைக்கு இரண்டு தடவை நிரப்பி, வாயை ஓட்டால் மூடிவிடுங்கள். மெல்ல மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். நுளம்பும் உள்ளே போகாது. சட்டி பானை கழுவிய தண்ணீர் ஊற்றலாம். உடுப்புத் தோய்த்த முதல் தண்ணீர் வேண்டாம், அலசிய இரண்டாம் தண்ணீர் பரவாயில்லை. சவர்த் தண்ணீரையே நெடுக ஊற்றினால் மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அது தெரிந்தால் மேல் மண்ணை வழித்து எறிந்துவிட்டு, குழையும் கஞ்சலும் போட்டு மூடுங்கள்.

நட்ட கதியால் துளிர் விட்டதும் வேர் வந்துவிட்டதா என்று ஆட்டிப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. தண்டில் இருக்கிற சாற்றாலேயே முதல் துளிர் வந்துவிடும். வேர் பிறகுதான் வரும். ஆட்டினால் அந்த இளம் வேர் அறும். மார்கழி முடியும்போது தோலை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மண்ணிறமாக இருந்தால் பிடுங்கி அடுப்புக்கு வையுங்கள். அந்த இடத்துக்குப் புதுத்தடி நடுவதானால் நிலத்தில் ஈரம் இருக்கிற தை முதல் கிழமைக்குள் நட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு என்றால் அடுத்த ஐப்பசி வரை அந்த இடத்தை ஓலையால் அடைத்து வைப்பதுதான் கைக்குச் சுகம்.